டான்ஸ் பேட் வீட்டிலேயே செய்யலாம்: ஒரு பலகை, நான்கு மிதி, ஒரு மில்லிமீட்டர்

திரையில் அம்புக்குறிகள் ஏறி வரும். பாட்டின் தாளத்தில் அதே திசையைக் காலால் மிதிக்க வேண்டும். 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' வகை விளையாட்டு இவ்வளவுதான். அப்படி மிதிப்பதற்காகக் காலடியில் போடுவதுதான் டான்ஸ் பேட். ஆனால் வீட்டில் விளையாட வேண்டும் என்றால் கடையில் கிடைப்பது மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு மட்டுமே. என் மகள் ஒரே ஆண்டில் மூன்று விரிப்புகளைத் தேய்த்துவிட்டாள். டைல்ஸ் தரையில் வழுக்கும், ஓரம் சுருளும், ஆறாவது வாரத்தில் இடது அம்பு வேலை செய்யாது. வெளிநாட்டிலிருந்து உலோக பேட் வரவழைக்க விலை கேட்டேன். அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேர்ந்தபோது எங்கள் வீட்டுக்கு அது எட்டாத தொகை என்று தெரிந்தது.

அதனால் நானே செய்தேன். இரண்டு வார இறுதிகளில் முடியவேண்டிய வேலை எனக்கு இரண்டரை மாதம் பிடித்தது. காரணம் ஒன்றுதான்: நான்கு மிதிகளையும் (காலால் அழுத்தும் அம்புக் கட்டங்களை) ஒரே மூச்சில் செய்து, ஒட்டி, முடுக்கிய பிறகுதான் சோதித்துப் பார்த்தேன். நான்கிலும் ஒரே பிழை. நான்கையும் பிரிக்க வேண்டியதாயிற்று. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் ஐந்தாவது படியை மறக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு மிதி. அது சரியாக வேலை செய்த பிறகே மற்ற மூன்று.

1. தாளில் வரைந்துகொள்ளுங்கள்

ஒரு பெரிய சதுரம், அதற்குள் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் 28 செ.மீ., மொத்தம் 84 செ.மீ. விளையாட்டு நிலையங்களில் உள்ள இயந்திரத்தின் அளவும் ஏறத்தாழ இதுவே. அதனால் இங்கே பழகும் கால் அங்கேயும் தடுமாறாது. இடம், வலம், மேல், கீழ் ஆகிய நான்கு கட்டங்கள் அசையும் மிதிகள். நடுக்கட்டமும் நான்கு மூலைகளும் அசையாத மேடைகள்.

அடிப்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட். அதன் மேல் அதே பலகையில் அறுத்த ஐந்து மேடைகளைத் திருகாணியால் இறுக்கினால், இடையில் நான்கு பள்ளங்கள் உருவாகும். மிதிகள் அந்தப் பள்ளங்களில் உட்காரும். வெளிப்பக்கம் திறந்திருப்பதால் சுற்றிலும் ஒரு சட்டம் வேண்டும்.

மிதியின் அளவு 28 அல்ல, 27.6 செ.மீ. ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. விட வேண்டும். நான் 1 மி.மீ. விட்டேன். ஐப்பசி மழையில் மரம் ஊதி, மிதிகள் பள்ளத்தில் இறுகிக்கொண்டன. நான்கையும் புதிதாக அறுக்க வேண்டியிருந்தது.

அறுக்க வேண்டிய துண்டுகளின் பட்டியலை மில்லிமீட்டரில் மட்டும் எழுதுங்கள். கடைக்காரர் அடிக்கணக்கில் பேசுவார், தச்சர் அங்குலத்தில் பேசுவார், நீங்கள் சென்டிமீட்டரில் நினைப்பீர்கள். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் துண்டுகள் வீணாகும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அறுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

2. எவ்வளவு பணம், எத்தனை நாள், என்னென்ன காகிதம்

சென்னையில் நான் கொடுத்த விலைகள் இவை. உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறும், இறங்கும்.

18 மி.மீ. பிளைவுட், நாலுக்கு நாலடி: 1,500 ரூபாய்
12 மி.மீ. பிளைவுட், இரண்டுக்கு இரண்டடித் துண்டு: 250
அறுப்புக் கூலி: 300
ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகரம்: 200
ஃபோம் டேப், மூன்று வகை: 350
பாலிகார்பனேட் தகடு, 2 மி.மீ.: 450
எலக்ட்ரானிக் போர்டு: 750
ஒயர், லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்), திருகாணி, போல்ட்: 350
ரப்பர் விரிப்பு: 400
யூ.எஸ்.பி. கேபிள்: 150

கூட்டினால் 4,700 ரூபாய். இதைத் தவிர, தவறாக வாங்கியதற்கும் மறுபடி அறுத்ததற்கும் 1,900 ரூபாய் செலவழித்தேன். அந்த 1,900 உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மல்டிமீட்டர் இல்லையென்றால் 300 ரூபாய்க்குள் ஒன்று வாங்கிவிடுங்கள். தொடர்பு கிடைத்தால் 'பீப்' என்று சத்தம் எழுப்பும் வகையாக இருக்க வேண்டும். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

நாட்கணக்கு: முதல் சனிக்கிழமை பொருள் வாங்குவது, அறுப்பது. ஞாயிறு முழுவதும் ஒரே ஒரு மிதி. வாரநாட்களில் மாலையில் வார்னிஷ், இரண்டு கோட், ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும். இரண்டாவது வார இறுதியில் மற்ற மூன்று மிதிகள், ஒயர், நிரல். எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையை நம்பாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

காகிதம் என்று பார்த்தால், போர்டு வாங்கிய ரசீதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். வாங்கிய அன்றே கணினியில் செருகிப் பார்த்து, வேலை செய்யாவிட்டால் மறுநாளே கொண்டுபோங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால், ஈயம் பற்றவைத்த போர்டை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பின்னாளில் அழுத்த உணரிகளையோ, ஆயத்த பேட் ஒன்றையோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், கூரியர் நிறுவனம் உங்கள் அடையாளச் சான்றையும் முகவரிச் சான்றையும் கேட்கும். பார்சல் அனுப்பப்பட்ட அன்றே அவற்றைப் பதிவேற்றிவிடுங்கள். பார்சலில் உள்ள பெயரும் சான்றில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். முதலெழுத்து முன்னால் ஓரிடத்திலும் பின்னால் ஓரிடத்திலும் இருந்தால்கூடப் பார்சல் காத்துக் கிடக்கும்.

3. பலகை

பிளைவுட் எட்டுக்கு நாலடித் தகடாகத்தான் வரும். பாதித் தகடு போதும். அடிப்பலகை, ஐந்து மேடைகள், சுற்றுச் சட்டத்துக்கான நான்கு பட்டைகள் என எல்லாமே நாலுக்கு நாலடியில் அடங்கும். கடைக்காரர் பாதி தர மறுத்தால், முழுத் தகடு வாங்கி இரண்டு பேட்களாகச் செய்யுங்கள். இருவர் சேர்ந்து ஆட எப்படியும் இரண்டு வேண்டும்.

கடலோர ஊர் என்றால் ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். வகையைக் கேளுங்கள். 18 மி.மீ. என்று அச்சடித்திருக்கும் பலகையை அளந்தால் பல நேரம் 17தான் இருக்கும். அதனால் கெட்டுப்போவது எதுவும் இல்லை, ஆனால் உண்மையான கனம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டத்தின் உயரமும் மிதியின் உயரமும் அதைப் பொறுத்தவை. அளக்காமல் கணக்குப் போடாதீர்கள்.

கடையிலேயே இயந்திர ரம்பம் இருந்தால் அங்கேயே அறுத்துவிடுங்கள். கை ரம்பத்தில் நான் அறுத்த முதல் சதுரம் சாய்சதுரமாக வந்தது. ரம்பத்தின் பல்லே ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 3 மி.மீ. தின்றுவிடும் என்பதையும் பட்டியலில் கணக்கிடுங்கள். வீட்டுக்கு எடுத்துவரும் முன் ஒவ்வொரு துண்டையும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். ஓரங்களை உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள், வெறுங்காலால் ஆடப்போகிறோம்.

4. போர்டு: தவறானதை வாங்கிவிடாதீர்கள்

மிதியை அழுத்தினால் கணினிக்கு ஒரு விசையை அழுத்தியதுபோலத் தெரிய வேண்டும். அதற்கு ஆர்டுவினோ (நாமே நிரல் எழுதி இயக்கும் சிறிய எலக்ட்ரானிக் போர்டு) வகையில் லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ வேண்டும். இரண்டிலும் ஏ.டி.மெகா 32யு4 என்ற சிப் இருக்கிறது. அது தன்னை நேரடியாக ஒரு கீபோர்டாகக் கணினிக்கு அறிமுகப்படுத்திக்கொள்ளும்.

கடையில் 'ஆர்டுவினோ' என்று மட்டும் கேட்டால் ஊனோ என்ற போர்டைத்தான் எடுத்துத் தருவார்கள், அதிகம் விற்பது அதுதான். பரவலாகக் கிடைக்கும் ஆர்3 வகை ஊனோவால் இந்த வேலையை நேரடியாகச் செய்ய முடியாது. நான் 650 ரூபாய் கொடுத்து அதை வாங்கிவந்து, இரண்டு இரவுகள் நிரலில்தான் பிழை என்று தேடிக்கொண்டிருந்தேன். சிப்பின் எண்ணை ஒரு தாளில் எழுதிக் காட்டி வாங்குங்கள்.

ஜாய்ஸ்டிக் செய்பவர்களுக்கு விற்கும் மலிவான யூ.எஸ்.பி. என்கோடர் போர்டுகளும் உண்டு. நிரல் எழுதவே வேண்டாம் என்பது அவற்றின் வசதி. ஆனால் அவற்றில் திசைகளுக்கென்று உள்ள இடத்தில் மிதிகளை இணைக்காதீர்கள். ஜாய்ஸ்டிக்கில் ஒரே நேரத்தில் இடமும் வலமும் சாய முடியாது, ஆகவே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். இந்த விளையாட்டில் இடமும் வலமும் சேர்த்துக் குதிப்பது அடிக்கடி வரும். என்கோடர்தான் வாங்குவீர்கள் என்றால் சாதாரணப் பொத்தான்களுக்கான முனைகளில் இணையுங்கள்.

புரோ மைக்ரோவின் யூ.எஸ்.பி. வாய் மிக மெல்லியது. கேபிளை ஓரிரு முறை இழுத்தாலே பெயர்ந்து வந்துவிடும். வாங்கிய உடனே அதன் இரு பக்கமும் பசை வைத்து உறுதிப்படுத்துங்கள். கேபிளும் தரவு கடத்தும் கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் செய்ய மட்டுமே உதவும் கேபிளில் விளக்கு எரியும், கணினிக்கு எதுவும் தெரியாது.

5. ஒரே ஒரு மிதி

இங்கேதான் நிதானம் வேண்டும்.

செயல்முறை எளிது. பள்ளத்தின் தரையில் ஒரு தகரம், மிதியின் அடியில் ஒரு தகரம், இரண்டையும் பிரித்து வைக்க ஓரத்தில் ஃபோம் துண்டுகள். மிதித்தால் ஃபோம் அமுங்கி, தகரங்கள் தொடும். காலை எடுத்தால் பிரியும். தொடும் இந்த இரண்டு தகரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் பேட்டின் தலையெழுத்தையே தீர்மானிக்கிறது.

தகரம் எது? சமையலறை அலுமினியத் தாள் வேண்டாம், சில நாட்களில் கிழியும். அலுமினியத் தகடும் வேண்டாம், அதில் சாதாரண ஈயம் பற்றாது, மேலே ஆக்சைடு படிந்து தொடர்பும் விட்டுவிட்டு வரும். 26 கேஜ் ஜி.ஐ. தகரம் நல்லது, சுமார் அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். ஏ.சி. டக்ட் செய்யும் பட்டறையில் வெட்டிய மிச்சத் துண்டுகளைக் கேளுங்கள். 23 செ.மீ. சதுரமாக எட்டு வேண்டும், அவர்களே கத்தரித்துக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் 1 செ.மீ. நாக்கு ஒன்று விடச் சொல்லுங்கள், ஒயரை அங்கே போல்ட்டும் லக்கும் போட்டு இறுக்கலாம். வெட்டிய ஓரம் கத்தி போலிருக்கும், கையுறை போட்டு அரம் கொண்டு மழுக்குங்கள்.

நான் செய்த பெரும் பிழையைச் சொல்கிறேன். 3 மி.மீ. ஃபோமை நான்கு பக்கமும் சுற்றி ஒட்டினேன். தகரங்களைத் தட்டையாக ஒட்டினேன். மிதித்தேன், தொடவில்லை. குதித்தேன், எப்போதாவது தொட்டது. 3 மி.மீ. ஃபோம் ஒருபோதும் 0 மி.மீ. ஆகாது என்பது யோசித்தால் புரியும். எனக்கு நான்கு மிதிகளைப் பிரித்த பிறகுதான் புரிந்தது.

சரியான வழி, கீழ்த் தகரத்தை உயர்த்துவது. 3 மி.மீ. ஃபோம், அதில் மேல் தகரம் அரை, கீழ்த் தகரம் அரை, நமக்கு வேண்டிய இடைவெளி 1. மிச்சம் 1 மி.மீ. ஆக, கீழ்த் தகரத்தின் அடியில் 1 மி.மீ. கனத்துக்கு ஏதாவது வைக்க வேண்டும். அட்டை வைத்தால் மழைக்காலத்தில் ஊதும். மிகப் பொருத்தமானது மைக்கா. அலமாரிக்கு ஒட்டும் அதே மைக்காதான், பிளைவுட் வாங்கும் கடையிலேயே 1 மி.மீ. கனத்திலும் 0.8 மி.மீ. கனத்திலும் துண்டுகள் கிடைக்கும். இரண்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் இடைவெளியைக் கூட்டிக் குறைக்க முடியும்.

அடுத்தது ஃபோம். சுற்றிலும் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு சிறு துண்டுகள், மூலையிலிருந்து சற்றுத் தள்ளி. ஒரு துண்டு 2 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம். ஒரு மிதிக்கு எட்டுத் துண்டுகள் மட்டும். கெட்டியான ஈ.வி.ஏ. ஃபோமை எடுங்கள். கதவிடுக்கில் ஒட்டும் பஞ்சு போன்ற ஃபோம் சில வாரங்களில் அமுங்கியே கிடந்துவிடும், பிறகு மிதி எப்போதும் அழுந்தியதாகவே கணினிக்குத் தெரியும். மிதி கடினமாக இருந்தால் துண்டுகளைக் கத்தரித்துச் சிறிதாக்குங்கள். மிருதுவாக இருந்தால் பெரிதாக்குங்கள். இடைவெளி 1 மி.மீ. மட்டுமே என்பதால், எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் தகரங்கள் தொட்டதும் அமுக்கம் நின்றுவிடும். ஃபோம் நசுங்கிப் பாழாகாமல் நீண்ட காலம் உழைப்பது அதனால்தான்.

இடைவெளியை அளக்க ஒரு வழி: காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் கனம் முக்கால் மில்லிமீட்டர். அதை விரல் அகலத்துக்குக் கத்தரித்து, மிதியின் பக்கவாட்டிலிருந்து உள்ளே விடுங்கள். ஒரு துண்டு தடையில்லாமல் நுழைய வேண்டும். இரண்டைச் சேர்த்து விட்டால் நுழையக் கூடாது.

இதைப் பள்ளத்துக்குள் அல்ல, வெளியே மேசையில் வைத்துச் செய்யுங்கள். பிறகு மல்டிமீட்டரின் இரு முனைகளையும் இரண்டு தகரங்களில் மாட்டி, மிதியைத் தரையில் வைத்துச் சோதியுங்கள்:

எடை எதுவும் இல்லாதபோது சத்தம் வரக் கூடாது. 3 கிலோ அரிசிப் பை வைத்தாலும் வரக் கூடாது. 10 கிலோ மூட்டை வைத்தால் வர வேண்டும். நான்கு மூலைகளிலும் கால் விரலால் மட்டும் அழுத்தினால் வர வேண்டும், நடுவில் மட்டும் வேலை செய்யும் மிதியால் பயனில்லை. ஓங்கி மிதித்து எடுத்த மறுகணம் சத்தம் நிற்க வேண்டும், இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாது. பிறகு ஐம்பது முறை வேகமாகத் தட்டுங்கள், ஐம்பது சத்தத்தையும் எண்ணுங்கள்.

ஆடப்போவது பத்து வயதுக் குழந்தை என்றால் மூட்டையை 6 கிலோவாகக் குறைத்துக்கொண்டு அதற்கேற்ப ஃபோமைக் கத்தரியுங்கள். எங்கள் வீட்டில் மகளுக்காகச் சரிசெய்த மிதி எனக்கு மிகவும் இலகுவாகத் தோன்றியது. யார் அதிகம் ஆடுவார்களோ அவர் காலுக்குச் செய்யுங்கள்.

ஐம்பதுக்கு ஐம்பது வரும்வரை இரண்டாவது மிதியைத் தொடாதீர்கள்.

6. மற்ற மூன்று, மேல்மூடி, சட்டம்

முதல் மிதியில் எழுதி வைத்த அளவுகளை அப்படியே திருப்பிச் செய்யுங்கள். ஆனாலும் ஒவ்வொன்றையும் தனியாகச் சோதியுங்கள்.

மிதியின் மேல் 2 மி.மீ. பாலிகார்பனேட். கண்ணாடி போன்றது என்பதால் அதன் அடியில் அச்சடித்த அம்புக்குறித் தாளை வைக்கலாம். அக்ரிலிக் வாங்காதீர்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கடையில் அக்ரிலிக்தான் எளிதாகக் கிடைக்கும். ஆனால் குதிக்கும்போது திருகாணி ஓட்டையிலிருந்து விரிசல் விடும், உடைந்த ஓரம் காலைக் கிழிக்கும். எனக்கு 600 ரூபாயும், மகளுக்குப் பாதத்தில் ஒரு கீறலும் செலவாயின. பாலிகார்பனேட்டைத் தின்னர் கொண்டு துடைக்கக் கூடாது, மங்கி வெடிக்கும். சோப்புத் தண்ணீர் போதும். திருகாணி ஓட்டை திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும்.

இப்போது உயரம். ஃபோம் 3, மிதி 12, மேல்மூடி 2, மொத்தம் 17 மி.மீ. பக்கத்து மேடையும் 17 என்றால் சமமாக இருக்கும். மேடை 18 என்றால் மிதி பள்ளமாகிவிடும். பாதி கால் மேடையிலும் பாதி கால் மிதியிலும் இருக்கும்போது அழுத்தம் மேடையிலேயே தங்கி, மிதி தொடாது. ஃபோம் துண்டுகளுக்கும் கீழ்த் தகரத்துக்கும் அடியில் ஒரே கனத்தில் மைக்கா சேர்த்து உயர்த்துங்கள். இரண்டுக்கும் சேர்த்து உயர்த்தினால்தான் அந்த 1 மி.மீ. இடைவெளி மாறாது.

மிதி துள்ளி வெளியே வராமல் இருக்க, மேடைகளின் மூலைகளில் பெரிய வாஷர் வைத்துத் தட்டைத்தலைத் திருகாணி போடுங்கள். வாஷரின் ஓரம் மிதியின் மூலையை ஐந்து மி.மீ. அளவுக்குக் கவிந்திருந்தால் போதும். மிதியை அழுத்திப் பிடிக்கும்படி முடுக்கிவிடக் கூடாது.

7. ஒயர்

ஒவ்வொரு பள்ளத்தின் மூலையிலும் அடிப்பலகையில் 8 மி.மீ. துளை. இரண்டு ஒயர்களும் அதன் வழியே பேட்டின் அடிக்குப் போகும். கீழ்த் தகரங்கள் நான்கின் ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்து போர்டில் GND என்று எழுதியிருக்கும் தரை முனைக்குக் கொடுங்கள். மேல் தகரங்கள் நான்கும் தனித்தனியாக 2, 3, 4, 5 எண் முனைகளுக்கு. ஆக போர்டுக்குப் போவது ஐந்து ஒயர்கள்தான்.

மேல் தகரத்தின் ஒயர் ஒவ்வொரு மிதிக்கும் அசையும். ஒற்றைக் கம்பி ஒயர் போட்டிருந்தேன், இரண்டு வாரத்தில் உள்ளுக்குள்ளேயே முறிந்தது. வெளியே உறை நன்றாகவே இருந்ததால் பிழையைக் கண்டுபிடிக்கவே ஒரு மாலை போயிற்று. பல இழை கொண்ட மெல்லிய ஒயரை எடுங்கள். ஒரு வளைவு தளர்வாக விட்டு, லக்கிலிருந்து இரண்டு செ.மீ. தள்ளிப் பசைத் துப்பாக்கியால் ஒட்டுங்கள். அசைவு வளைவில் நிகழும், இணைப்பில் நிகழாது.

போர்டைச் சட்டத்தின் வெளிப்பக்கம் ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். மேல் அம்புக்கு அப்பால் உள்ள பக்கம் நல்லது, அங்கே கால் படாது. ஓடுவது யூ.எஸ்.பி. தரும் 5 வோல்ட் மட்டுமே, ஆகவே மின்னதிர்ச்சி பற்றிய பயம் வேண்டாம்.

8. நிரல்

நிரல் சிறியது. ஒவ்வொரு முனையையும் உள்ளீடாக அறிவித்து, உள்ளேயே இருக்கும் புல்-அப் மின்தடையை (தகரம் தொடாதபோது முனையின் மின்னழுத்தத்தை உயர்த்தியே வைத்திருப்பது) இயக்குங்கள். தகரம் தொடும்போது முனை தரைக்கு இறங்கும், அப்போது விசையை அழுத்து என்று சொல்ல வேண்டும். பிரியும்போது விசையை விடு. ஆர்டுவினோவுடன் வரும் கீபோர்டு தொகுப்பிலேயே இரண்டு கட்டளைகளும் இருக்கின்றன.

ஒரு பொறி உண்டு. தகரங்கள் தொடும் கணத்தில் சில மில்லிநொடிகள் துடிக்கும், ஒரு மிதி மூன்று மிதியாகத் தெரியும். அதைத் தடுக்க ஆர்டுவினோ தரும் மாதிரி நிரலில் 50 மில்லிநொடி காத்திருப்பு இருக்கிறது. சுவர்ப் பொத்தானுக்கு அது சரி. கணினியில் நாம் ஆடப்போகும் ஸ்டெப்மேனியா விளையாட்டில், மிக உயர்ந்த மதிப்பெண் பெற மிதி தாளத்துக்கு முன்னே 22.5, பின்னே 22.5 மில்லிநொடிக்குள் விழ வேண்டும். 50 காத்திருந்தால் தாளம் போய்விடும். காத்திருந்து அனுப்புவதற்குப் பதிலாக, முதல் தொடுதலை உடனே அனுப்பிவிட்டு, அதன் பிறகு 10 மில்லிநொடிக்கு வரும் மாற்றங்களைப் புறக்கணியுங்கள். தாமதமும் இல்லை, துடிப்பும் இல்லை.

இன்னொன்று. ஏதாவது ஒரு தகரம் தொட்டபடியே நின்றுவிட்டால் போர்டு இடைவிடாமல் விசையை அனுப்பும், கணினியில் எதையும் செய்ய முடியாது. அதனால் ஒரு சிறு சுவிட்சை வேறொரு முனையில் வைத்து, அது இயங்கினால் மட்டுமே விசைகள் போகும்படி நிரலில் எழுதுங்கள். இந்தச் சுவிட்ச் பத்து ரூபாய்.

9. விளையாட்டில் பொருத்துவது

ஸ்டெப்மேனியாவும் அதிலிருந்து கிளைத்த ஐ.டி.ஜி.மேனியாவும் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டாவதை நிறுவுங்கள். அமைப்புப் பகுதியில் விசைகளைப் பொருத்தும் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு அம்புக்கும் எதிரே மிதியை ஒருமுறை அழுத்தினால் போதும்.

டிவியில் இணைத்தால் முதலில் டிவியின் கேம் மோடை இயக்குங்கள். அது இல்லாமல் படம் தாமதமாக வரும், நீங்கள் பேட்டைப் பழிப்பீர்கள். பிறகு நன்றாகத் தெரிந்த, மெதுவான பாட்டு ஒன்றை எடுத்து எஃப் 6 விசையை அழுத்தித் தானியங்கி ஒத்திசைவை இயக்குங்கள். பாட்டுக்கு மட்டும், இயந்திரம் முழுவதற்கும் என வகைகள் உண்டு. நமக்கு வேண்டியது இயந்திரம் முழுவதற்கும். ஒரு பாட்டு முழுவதும் சீராக ஆடினால் அதுவே நேரத்தைச் சரிசெய்து, சேமிக்கட்டுமா என்று கேட்கும்.

10. தரையும் கீழ்வீடும்

டைல்ஸ் மேல் வெறும் பலகை வழுக்கும். அடியில் 10 மி.மீ. ரப்பர் விரிப்பைப் பட்டைகளாக வெட்டி ஒட்டுங்கள், ஒயர்களுக்கும் அதனால் இடம் கிடைக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் அதன் அடியில் உடற்பயிற்சிக் கூடங்களில் போடும் தடித்த ரப்பர் விரிப்பையும் போட வேண்டும். எங்கள் கீழ்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். முதல் நாளே அவரிடம் போய்ச் சொல்லி, எந்த நேரம் அவருக்குத் தொந்தரவு என்று கேட்டுக்கொண்டேன். மாலை ஐந்து முதல் ஏழு வரை என்று முடிவானது. இதுவரை ஒரு சச்சரவும் இல்லை.

11. மழைக்காலம்

ஐப்பசி தொடங்கும் முன் ஒருமுறை மிதிகளைக் கழற்றுங்கள். வாஷர் திருகாணிகளைத் தளர்த்தினால் போதும், ஒரு மிதிக்குப் பத்து நிமிடம். தகரங்களின் மேல் மங்கலான படலம் இருக்கும். மெல்லிய உப்புத்தாளால் மிக லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். அழுத்தித் தேய்த்தால் துத்தநாகப் பூச்சு போய்த் துரு பிடிக்கும். எட்டு ஃபோம் துண்டுகளையும் விரலால் அழுத்திப் பார்த்து, திரும்ப எழாதவற்றை மாற்றுங்கள். மிதிகளைத் திரும்ப வைக்கும் முன் பழைய ஏ.டி.எம். அட்டைத் துண்டை மறுபடி எடுங்கள். ஒன்று நுழைய வேண்டும், இரண்டு நுழையக் கூடாது.